தெரியும் தூரத்துக்கே துவக்கு

சென்ற இதழில் பாறையில் நின்று தூண்டில் போடுவது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு தாய் எம்மோடு தொலைபேசியில் பேசினார். அவருடைய குடும்பம் சிட்னிக்கு வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. வேலைத்தலத்தில் கிடைத்த சிநேகிதர்களோடு சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். அவர்கள் சுழியோடி ஈட்டியால் மீன் பிடிப்பவர்கள். தனக்கும் அந்த ஆயுதம் ஒன்று வேண்டும் என்று நிற்கிறானாம்.

"துவக்கு எண்டு ஒரு சாமான் எங்கட வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள். இப்ப இவன் துவக்கு வாங்கப் போறன் எண்டு நிக்கிறான். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மா.

அந்தக் குரலில் இருந்த பயம் எமக்கு விளங்காததல்ல. ஆனால் பயத்தை மட்டும் பதிலாகச் சொன்னால், பிள்ளை எமக்குத் தெரியாமல் வாங்கி வேறெங்காவது வைப்பான். எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்று சொல்லித் தர வீட்டில் ஒருவரும் இல்லாமற் போவர். ஆகவே இம்முறை ஈட்டித் துவக்கைப் பற்றியே எழுதுகிறோம். அம்மாவும் வாசிக்கட்டும், மகனும் வாசிக்கட்டும்.

முதலில் பெயர்ப் பயத்தைத் தீர்த்து விடுவோம். இதில் வெடிமருந்து இல்லை, ரவை இல்லை. ஊரில் சிறுவயதில் கவட்டைத் தடியில் றப்பர் கட்டிக் கெற்றப்போல் அடித்தோமே, அதே வேலைதான். ஒரு நீளக் குழல், அதன் பின்புறத்தில் பிடியும் விசையும், முன்புறத்தில் தடித்த றப்பர் பட்டிகள், மேலே ஓர் இரும்பு ஈட்டி. பட்டியை இழுத்து ஈட்டியில் உள்ள வெட்டில் மாட்டினால் துவக்கு ஏறியது. விசையைத் தட்டினால் ஈட்டி பாயும். ஈட்டியோடு ஒரு நைலோன் கயிறு கட்டியிருக்கும், மீன் ஓடி விடாது. 1930களில் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் சுழியோடியவர்கள் கைக் கண்ணாடியும் ஈட்டியுமாகத் தொடங்கியது, பின்னர் சுருள்வில் துவக்காகி, றப்பர் துவக்காகி உலகெங்கும் பரவியது. எமது கடற்கரைகளில் மண்டா எறிந்தவர்களுக்கு இதன் தத்துவத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆனால் வெடிமருந்து இல்லை என்பதற்காக அது விளையாட்டுப் பொருளாகி விடாது. மீனின் செதிலையும் எலும்பையும் துளைப்பது மனிதனையும் துளைக்கும். அதனால்தான் தெரிவு முக்கியமாகிறது.

எமது சொந்தப் பிழையிலிருந்து தொடங்குகிறோம். நாமும் இங்கு வந்த புதிதில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினோம். ஒருவர் வீட்டு வாசலில் பழஞ்சாமான் விற்றார். அங்கே 130 சென்ரிமீற்றர் துவக்கு ஒன்று, இரண்டு பட்டிகளோடு, மலிவாகக் கிடந்தது. நீளமானது நல்லது, பலமானது நல்லது என்ற எண்ணம். பக்கத்து வீட்டில் இருந்த கிரேக்க முதியவர் ஒருவர் எம்மைக் கடலுக்குக் கூட்டிப் போனார். அவர் கையில் இருந்தது 75 சென்ரிமீற்றர் துவக்கு, சுரண்டலும் கீறலுமாக. எமது துவக்கைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று தண்ணீர் சற்றுக் கலங்கியிருந்தது. 4 மீற்றருக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பாறை இடுக்குகளுக்குள் அந்த நீளத் துவக்கைத் திருப்புவதே பெரும்பாடு. அலை ஒரு பக்கம் இழுக்க, குழல் மறுபக்கம் இழுத்தது. முதல் வெடியில் ஈட்டி பாறையில் மோதி முனை மழுங்கியது. இரண்டாவது தடவை, கலங்கலின் ஓரத்தில் பெரிய மண்ணிற மீன் ஒன்று அசைவதைக் கண்டு குறி வைத்தோம். விசையில் விரல் வைத்த நேரம் கிரேக்கத்து ஐயா எமது முழங்கையைப் பிடித்து அமத்தி விட்டார். மேலே வந்ததும் அவர் சொன்னது ஒரு வார்த்தைதான்: "குறோப்பர்."

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் புளூ குறோப்பர் என்று ஒரு மீன் உண்டு. பெயரைக் கேட்டால் எமது கலவாய் இனம் போலத் தோன்றும். உண்மையில் அது கிளிமீன்களுக்கு உறவு. ஆண் நல்ல நீலம். பெண்ணும் குஞ்சும் மண்ணிறம். எல்லாம் பெண்ணாகவே வளர்ந்து, பின்னர் சிலவே ஆணாக மாறுகின்றன. மனிதருக்குப் பயப்படாது, நாய்க்குட்டி போல் சுழியோடிகளின் பின்னால் வரும். 1998 முதல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சின்ன மீன் அதுவே. அதை ஈட்டியால் குத்துவது இங்கு நெடுங்காலமாகத் தடை. நீலத்தை எல்லோரும் அறிவர். மண்ணிறத்தை அறியாதவர்தான் அகப்படுவார்.

2023 டிசம்பரில் சிட்னியின் தெற்கே குரொனுல்லாவில் ஊர்ச்சனம் பழகி வைத்திருந்த குறோப்பர் ஒன்றை ஒருவர் ஈட்டியால் குத்திக் கொன்றார். பத்திரிகை, தொலைக்காட்சி எங்கும் அதுவே பேச்சு. 2024இல் தூண்டில் உட்பட எந்த முறையாலும் அந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று அரசு தடை கொண்டு வந்தது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எமக்குக் கிரேக்கத்து ஐயாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அன்று அவர் பிடித்திராவிட்டால்?

பிழை கண்ணில் மட்டும் இல்லை, துவக்கிலும் இருந்தது. அதைக் கணக்காகவே காட்டுகிறோம்.

நீட்டிய கை கண்ணிலிருந்து ஏறத்தாழ 0.6 மீற்றர். 130 துவக்கில் பிடியிலிருந்து ஈட்டி முனை வரை 1.6 மீற்றர் வரும். முனையிலிருந்து அது பலத்தோடு பாயும் தூரம் 4 மீற்றர் என்று வையுங்கள். கூட்டினால் 6 மீற்றருக்கு மேல். தண்ணீரில் தெரிவதோ 4 மீற்றர். அதாவது எமது ஈட்டி எமது கண் போகாத இடத்துக்குப் போகும். அங்கே தடை செய்யப்பட்ட மீன் இருக்கலாம், பாறை இருக்கலாம், எமது சிநேகிதனே இருக்கலாம்.

இப்போது 90 துவக்கைப் பாருங்கள். கை 0.6, பிடியிலிருந்து முனை வரை 1.2, பாயும் தூரம் இரண்டரை மீற்றர். மொத்தம் 4.3. கலங்கல் நாளிலும் ஏறத்தாழக் கண் போகும் தூரத்தோடு ஈட்டி நின்று விடும். இதுதான் நாம் சொல்ல வந்த விதி: தெரியும் தூரத்துக்கே துவக்கு. எத்தனை பெரிய மீன் வேண்டும் என்று கேட்டு வாங்காதீர்கள், நீங்கள் இறங்கும் தண்ணீரில் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. முகமூடிக் கண்ணாடி வழியாக நீருக்குள் பார்க்கும்போது பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கிலும் தெரியும். 4 மீற்றரில் நிற்கும் மீன் 3 மீற்றரில் நிற்பது போல் இருக்கும். புதியவர்கள் எட்டாத மீனுக்கு விசை தட்டுவதும், பிடித்த மீன் மேலே வந்ததும் அளவுக்குச் சிறிதாகி விடுவதும் இதனால்தான்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொன்னால்: குகைக்கும் பாறை இடுக்குக்கும் கலங்கல் தண்ணீருக்கும் 75. சாதாரணக் கற்பாருக்கு 90 முதல் 110 வரை. தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்த இடங்களில், ஓடித் திரியும் மீனுக்கு 120, 130. சிட்னியின் கற்பாரில் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு 90 போதும். ஒரேயொரு துவக்கு வாங்கப் பணமிருந்தால் அதையே வாங்கலாம்.

இனி உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம்.

ஈட்டி: பார் மீனுக்கு 7 மில்லிமீற்றர் தடிப்பு நடுத்தரமானது. 6.5 வேகமாகப் போகும், ஆனால் பாறையில் பட்டால் வளையும். 8 தடிப்பானது பலமாகத் துளைக்கும், மெதுவாகப் போகும். உருக்கின் அடர்த்தியைக் கொண்டு கணக்குப் பார்த்தால் 7 மில்லிமீற்றர் ஈட்டி மீற்றருக்கு 300 கிராம் வரும், 8 மில்லிமீற்றர் 395 கிராம். ஒரு மில்லிமீற்றர் கூடினாலே பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஈட்டி வளைந்து விட்டால் நேராகப் போகாது. கடையில் எடுத்து ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பாருங்கள், அல்லது கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். முனை மூன்று பட்டையாகத் தீட்டியிருந்தால் செதிலை நன்றாக வெட்டும், அரத்தால் திரும்பத் தீட்டலாம். உருண்டை முனை பாறை அடியைக் கூடுதலாகத் தாங்கும். முனைக்குச் சற்றுப் பின்னால் மடங்கி விரியும் முள் ஒன்று இருக்கும். மீனைத் துளைத்தபின் விரிந்து, கழலாமல் பிடிப்பது அதுதான். அது இறுகாமல் தானாக விழுந்து விரிகிறதா என்று பாருங்கள்.

பட்டி: 14 முதல் 20 மில்லிமீற்றர் வரை தடிப்பில் உண்டு. 20 மில்லிமீற்றர் பட்டியின் பருமன் 16 மில்லிமீற்றர் பட்டியைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். இழுக்கவும் அவ்வளவு பலம் வேண்டும். பட்டி தன் நீளத்தைப் போல் 3 மடங்கு முதல் மூன்றரை மடங்கு வரை இழுபடுமாறு வெட்டிக் கட்டுவது வழக்கம். அதற்கு மேல் குறுக்கி வெட்டினால் பலம் கூடுவதை விடப் பட்டி விரைவில் கிழிவதே மிச்சம். 90 துவக்குக்கு ஒரு பட்டி போதும். அலையில் மிதந்தபடி இரண்டு கையாலும் சமமாக இழுத்து, பதற்றமில்லாமல் மாட்டக் கூடிய பட்டியே உங்கள் பட்டி. கடைக்காரர் இழுத்துக் காட்டுவதைப் பார்த்து வாங்காதீர்கள். பட்டி வெயிலிலும் உப்பிலும் வெடிக்கும். சிறு கீறல் கண்டாலே மாற்றி விடுங்கள். அறுந்து அடித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

குழல்: மரம், அலுமினியம், கார்பன் என்று மூன்று வகை பெரும்பாலும் கிடைக்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் உதவும். ஈட்டி எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகிறதோ, அவ்வளவு உந்தம் துவக்கைப் பின்னே தள்ளும். துவக்கு ஈட்டியைப் போல் மூன்று மடங்கு பாரமானால், ஈட்டியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு பின்னே உதைக்கப் பார்க்கும். அதைக் கைதான் தாங்க வேண்டும். மரத் துவக்கு பாரமானது, உதை குறைவு, ஆனால் பக்கவாட்டில் திருப்பச் சிரமம். மெல்லிய அலுமினியக் குழல் விலை குறைந்தது, சுலபமாகத் திரும்பும், உதையைக் கூடுதலாகக் காட்டும். பட்டி ஈட்டியை இழுப்பது கைக்கு மேலான கோட்டில். ஆகவே உதையில் முன்முனை மேலே கிளம்பும். பிடி ஈட்டிக்குக் கிட்ட உயர்ந்து அமைந்த துவக்கில் இந்தக் கிளம்பல் குறையும். குழலின் மேல் நீளவாட்டில் ஈட்டி படுத்திருக்க ஒரு தண்டவாளம் போன்ற தவாளிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பட்டியின் பலத்தில் ஈட்டி நெளியாமல் அது பிடித்துக் கொள்ளும்.

மிதப்பு: ஈட்டி போனபின் துவக்கு மிதக்க வேண்டும். ஈட்டியோடு இருக்கும்போது மெல்லத் தாழலாம். முன்முனை மட்டும் தாழ்ந்தாலும் மணிக்கட்டு அரை மணி நேரத்தில் நோகும். மரத் துவக்கில் சிறு ஈயத் துண்டு பதித்துச் சமன் செய்வார்கள். குழல் துவக்கில் உள்ளே தண்ணீர் ஏறினால் இந்தச் சமன் எல்லாம் குலையும். குளிக்கும் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பழைய துவக்கு வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் சோதனை.

விசை: உள்ளே உருக்கால் செய்ததாக இருக்கட்டும். ஈட்டியின் வால் உள்ளே போய் 'டக்' என்று பிடிக்க வேண்டும். பிடித்தபின் ஈட்டியைக் கையால் இழுத்தால் அசையக் கூடாது. பாதுகாப்புத் தடுப்பு என்று ஒரு சிறு திருகு இருக்கும். அதை நம்பி எவர் பக்கமும் முனையை நீட்ட வேண்டாம். அது மணல் புகுந்து ஏமாற்றும்.

காற்றழுத்தத் துவக்கு என்று இன்னொரு வகை உண்டு. குறுகியது, பலமானது. ஆனால் உள்ளே வளையங்களும் அடைப்புகளும் பழுதானால் வீட்டில் திருத்த முடியாது. றப்பர் துவக்கைக் கத்தரிக்கோலும் நூலும் இருந்தால் சமையலறை மேசையிலேயே திருத்தலாம். புதியவருக்கு அதுவே வசதி. முதல் சில மாதங்களுக்குத் துவக்கே வேண்டாம், பின்னால் றப்பர் கட்டிய நீளக் கைத்தடி ஈட்டி போதும் என்றாலும் நாம் மறுக்க மாட்டோம். அது மீனுக்குக் கிட்டப் போகப் பழக்கும். கிட்டப் போகத் தெரிந்தவனுக்குப் பெரிய துவக்கு தேவைப்படாது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் எழுதுவது நியூ சவுத் வேல்ஸ் பற்றி. மற்ற மாநிலங்களில் வேறு விதி. பதினெட்டு வயது நிறைந்தவர் ஈட்டியால் பிடிக்கவும் மீன்பிடிக் கட்டணம் கட்டிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். முதுகில் காற்றுக் கலன் கட்டிக்கொண்டு ஈட்டி பாவிக்கக் கூடாது, மூச்சடக்கித்தான் போக வேண்டும். கடற்கரை மணலோரங்களில், இரு முனைகளிலும் 20 மீற்றர் தவிர, தடை. மான்லிக்குப் பக்கத்தில் உள்ள கபேஜ் றீ வளைகுடா போன்ற காப்பிடங்களில் எதையும் பிடிக்கக் கூடாது. கறுப்புக் கலவாய் காக்கப்பட்ட இனம். சிங்கி இறாலை ஈட்டியால் குத்தக் கூடாது. மற்ற மீன்களுக்கும் அளவும் எண்ணிக்கையும் உண்டு. மாநில மீன்பிடித் திணைக்களத்தின் கையேட்டை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள். "எனக்குத் தெரியாது" என்பது அபராதத்தைக் குறைக்காது. தூண்டிலில் பட்ட சிறு மீனைத் திரும்ப விடலாம். ஈட்டியில் பட்டதை விட முடியாது. ஆகவே மீனின் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் விசையில் விரல் வேண்டாம்.

இன்னொரு குறிப்பு. ஊரில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாக இதை அனுப்ப எண்ணாதீர்கள். இலங்கையில் ஈட்டித் துவக்கால் மீன் பிடிப்பது தடை.

இப்போது அந்தத் தாய்க்கு. அம்மா, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் துவக்கை விட நீங்கள் பயப்பட வேண்டியது மூச்சைப் பற்றி. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பை விட இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நெஞ்சில் உள்ள ஒட்சிசன் போதும் போல இருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாகி, கடைசி சில மீற்றரில் திடீரென மயக்கம் வரும். முன்னறிவிப்பு இராது. இறங்குமுன் வேக வேகமாக மூச்சு விட்டு இழுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மூச்சு முட்டும் உணர்வை அது மறைத்து விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள்.

ஆகவே மகனிடம் இவற்றை வாக்காக வாங்குங்கள். தனியே இறங்கக் கூடாது. ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும், வந்தபின்னும் அரை நிமிடம் கண்ணெடுக்கக் கூடாது. கீழே இருந்த நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது மேலே இளைப்பாற வேண்டும். ஈயப் பட்டி ஒரு கையால் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். நீலமும் வெள்ளையுமான கொடியோடு மிதவை வேண்டும். துவக்கை நீருக்குள் மட்டும் ஏற்ற வேண்டும், கரைக்கு வருமுன் நீருக்குள்ளேயே இறக்க வேண்டும். ஏற்றிய துவக்கோடு பாறையிலோ படகிலோ கால் வைக்கக் கூடாது. அலை பெரிதான நாளில் வீட்டில் இருக்க வேண்டும்.

வீட்டில் வைக்கும்போது பட்டிகளைக் கழற்றி, ஈட்டி முனைக்கு ஒரு தக்கை குத்தி, நன்னீரில் கழுவி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். புகையிரதத்தில் கொண்டு போவதானால் பையில் மூடிக் கொண்டு போகட்டும். எமது முகத்தையும் அந்தச் சாமானையும் ஒன்றாகக் கண்டால் பயப்படுபவர்களும் உண்டு.

எமது 130 துவக்கு அடுத்த கிழமையே வேறொருவர் கைக்குப் போனது. பதிலுக்கு 90 ஒன்று வாங்கினோம். கிரேக்கத்து ஐயா இப்போது இல்லை. அவர் கற்றுத் தந்தபடி, முதல் வருடம் முழுவதும் கிளாத்தி மீனைத் தவிர வேறெதற்கும் குறி வைக்கவில்லை. மெதுவாக நீந்தும், பிழையாக அடையாளம் காண முடியாது, தோலை ஒரே இழுவையில் உரிக்கலாம். ஒடியல் கூழுக்கு அதை விட நல்ல மீன் இந்தக் கரையில் நாம் கண்டதில்லை.

தம்பிக்கும் அதையே சொல்கிறோம். முதல் மீன் கிளாத்தியாக இருக்கட்டும், அம்மா கூழ் காய்ச்சட்டும்.

அடுத்த இதழில், பிடித்த மீனைக் கோடை வெயிலில் பழுதாகாமல் வீடு கொண்டு வந்து சேர்ப்பது பற்றிப் பேசுவோம்.